இணையதளப் படிவங்களில் பழுது காணும் முறை

கிராம மக்களின் குறை உரிய காரியாலயத்துக்குப் போய்ச் சேர்வதே நல்ல நிர்வாகத்தின் முதற்படியாகும். விண்ணப்பத்தைத் தாளில் எழுதிக் கொடுக்கும் வழக்கில், எழுத்தர் அதை வாங்கித் தபால் பதிவேட்டில் எண்ணிட்டு, தேதி முத்திரை குத்தி, படி ஒன்றைத் திருப்பித் தருவார். விண்ணப்பம் சேர்ந்தது என்பதற்கு அம்முத்திரையே சாட்சி. இன்று பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, கூட்டுறவுச் சங்கம், அரசுத் துறை ஆகிய பலவும் தத்தம் இணையதளத்தில் 'தொடர்பு கொள்க' என்று ஒரு படிவத்தை வைத்திருக்கின்றன. பெயர், கைப்பேசி எண், செய்தி ஆகியவற்றை நிரப்பிப் பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது என்று நாம் எண்ணுகிறோம்.

ஆனால், 'நன்றி, தங்கள் செய்தி பெறப்பட்டது' என்று திரையில் தோன்றுவது, அச்செய்தி ஒரு மனிதரின் பார்வைக்கு வந்தது என்பதற்குச் சான்றாகாது. பொத்தான் அழுத்தப்பட்டது என்பதை மட்டும் கண்டு அவ்வாக்கியத்தைக் காட்டும் படிவங்களும் உண்டு. செய்தி வழியில் தொலைந்தால் அனுப்பியவர் அறியார். பெற வேண்டியவரும் அறியார். 'விண்ணப்பித்தோம், பதிலில்லை' என்று மக்களும், 'ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை' என்று காரியாலயமும் இருந்துவிடுகின்றனர். இப்பழுதைக் கண்டறியும் முறையைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் அறிந்திருத்தல் வேண்டும். இதற்குக் கணிப்பொறிப் படிப்புத் தேவையில்லை. ஒழுங்கும் பொறுமையும் இருந்தால் போதும்.

காலத்தின் அருமை

விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் வட்டாரத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியுள்ள கூனிமேட்டை எடுத்துக்கொள்வோம். இக்கரையில் மீன்பிடிப்போரும், உப்பளத்தில் உழைப்போரும், பயிர் செய்வோரும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். மூவரின் பிழைப்பும் பருவத்தையும் தேதியையும் சார்ந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் உப்புப் பாத்திகள் நீரில் மூழ்கிவிடும். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, இம்மாவட்டத்து மயிலத்தில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. இத்தகைய நாளில் ஒரு செய்தி உரிய நேரத்தில் சேர்வதும் சேராததும் ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானத்தையே பாதிக்கக்கூடும்.

உதாரணமாக, 2016இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தைக் கூறலாம். அறுவடை செய்து வயலில் உலர வைத்த விளைச்சல், 14 நாட்களுக்குள் புயல் மழையாலோ பருவந்தவறிய மழையாலோ கெட்டுப்போனால், காப்பீடு செய்த விவசாயி 72 மணி நேரத்துக்குள் அதைத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. படிவம் ஒன்றை நிரப்பிவிட்டு நிம்மதியாக இருந்தவருக்கு, அது போய்ச் சேரவில்லை என்பது நான்காம் நாள் தெரிந்தால் என்ன பயன்? பழுதை உடனே அறிவதன் அவசியம் இதனால் விளங்கும்.

படிவம் செல்லும் வழி

பழுதைக் காண்பதற்கு முன், செய்தி செல்லும் வழியை அறிய வேண்டும். உப்பளத்தில் நீர் வாய்க்கால் வழியே தேக்கப் பாத்திக்கு வந்து, அங்கிருந்து பாத்தி பாத்தியாகக் கடந்து, இறுதியில் உப்பு விளையும் பாத்தியை அடைகிறது. இடையில் ஒரு மடை அடைபட்டால் கடைசிப் பாத்தி காய்ந்து கிடக்கும். எந்த மடை என்று கண்டால்தான் மண்வெட்டிக்கு வேலை. படிவத்துக்கும் இவ்வாறே ஐந்து மடைகள் உண்டு. முதலாவது, படிவம் கைப்பேசித் திரையில் தோன்றுதல். இரண்டாவது, நிரப்பியதைப் படிவம் ஏற்றுக்கொள்ளுதல். மூன்றாவது, செய்தி சர்வர் என்னும் தொலைவிலுள்ள கணிப்பொறியில் பதிவாதல். நான்காவது, அங்கிருந்து மின்னஞ்சலாகக் காரியாலயத்துக்குச் செல்லுதல். ஐந்தாவது, பொறுப்பாளர் அதைப் படித்தல்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் பக்கத்தில் காணும் படிவம், அந்நிறுவனத்துக்கே உரியதாக இருக்க வேண்டுமென்பதில்லை. கூகுள் ஃபார்ம்ஸ், ஸோஹோ ஃபார்ம்ஸ் போன்ற பிறிதொரு சேவையில் உருவாக்கி, இந்தப் பக்கத்தில் பதித்து வைப்பது இன்று பெருவழக்கு. நம் வீட்டுச் சுவரில் சன்னல் வைத்து அடுத்த வீட்டுக் கூடத்தைக் காண்பது போன்றது அது. சன்னல் நம்முடையது, கூடம் பிறருடையது. ஆகவே, பழுது இவ்விரண்டில் எங்கே உள்ளது என்பதை முதலில் அறிதல் நலம். படிவத்தின் சொந்த முகவரியைத் தனியே திறந்து பார்த்தால் இது தெரிந்துவிடும். தனியே திறந்தால் வேலை செய்து, பக்கத்தினுள் மட்டும் வேலை செய்யாவிடில், பழுது பதித்த முறையில் உள்ளது என்று கொள்ளலாம்.

முதல் மடை: படிவம் தோன்றாமை

பதித்த இடத்தில் வெறும் கட்டம் மட்டும் தெரிவதற்குக் காரணங்கள் சில உண்டு. தம் பக்கத்தைப் பிறர் தளத்தில் பதிக்கலாகாது என்று தடை செய்யும் உரிமை ஒவ்வொரு தளத்துக்கும் உண்டு. ஒரு பக்கத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் வேறொன்றை வைத்து மக்களை ஏமாற்றும் மோசடி 2008இல் வெளிப்படையாக விளக்கப்பட்டது. அதன் பின் இத்தடை பரவலாயிற்று. படிவத்துக்குரிய சேவை தரும் பதிப்பு முகவரியை விட்டு, சாதாரண முகவரியைப் பதித்தாலும் தடை குறுக்கிடலாம்.

இரண்டாவது காரணம் பாதுகாப்புச் சான்றிதழ். முகவரி 'எச்டிடிபிஎஸ்' என்று தொடங்கும் பக்கத்தினுள் 'எச்டிடிபி' என்று தொடங்கும் பழைய முகவரியைப் பதித்தால் உலாவிகள் அதைத் தடுத்துவிடும். 2020 அக்டோபரில் வெளிவந்த குரோம் 86 முதல், படிவத்தை இத்தகைய பாதுகாப்பற்ற முகவரிக்கு அனுப்ப முயன்றாலும் எச்சரிக்கை தோன்றுகிறது. சான்றிதழ் காலாவதியானாலும் இதே தொல்லைதான். அதன் உச்ச ஆயுள் 2020 செப்டம்பரில் 398 நாட்களாகக் குறைக்கப்பட்டது. 2026 மார்ச் 15 முதல் 200 நாட்கள் என்றும், 2029இல் 47 நாட்கள் என்றும் 2025இல் முடிவு செய்யப்பட்டது. ஆகவே, சான்றிதழைத் தானே புதுப்பிக்கும் ஏற்பாடு தளத்தில் உள்ளதா என்று கேட்டறிதல் வேண்டும்.

இரண்டாம் மடை: பொத்தான் ஏற்காமை

படிவம் தோன்றுகிறது, பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை. இதற்குப் பெரும்பாலும் நிரப்பும் கட்டங்களே காரணம். கைப்பேசி எண்ணுக்குப் 10 இலக்கம் மட்டும் ஏற்கும் கட்டத்தில் முன்னே 91 சேர்த்தால் ஏற்காது. ஆங்கில எழுத்தை மட்டும் ஏற்குமாறு அமைத்த பெயர்க் கட்டம், தமிழில் எழுதிய பெயரைத் தள்ளிவிடும். தலைப்பெழுத்தின் பின்னுள்ள புள்ளியைக்கூட ஏற்காத கட்டங்கள் உண்டு. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொள்ளும் நம்மவரிடம் 'குடும்பப் பெயர்' கட்டாயம் என்று கேட்கும் படிவங்களும் இருக்கின்றன. இவை விண்ணப்பதாரரின் பிழையல்ல. படிவத்தை அமைத்தவர் திருத்த வேண்டியவை.

புகைப்படம் இணைக்கும் இடத்திலும் தடை நேர்கிறது. இன்றைய கைப்பேசிகள் எடுக்கும் படம் பல மெகாபைட் அளவுள்ளது. படிவமோ சில நூறு கிலோபைட்டுக்கு மேல் ஏற்காமல் இருக்கலாம். கூகுள் ஃபார்ம்ஸில் கோப்பு இணைக்கும் கேள்வி ஒன்று இருந்தால், நிரப்புவோர் தம் கூகுள் கணக்கில் நுழைந்தாக வேண்டும். கணக்கின் கடவுச்சொல்லை மறந்த முதியவர் அதைத் தாண்ட முடியாது. படம் இன்றியமையாததல்லவாயின் அக்கேள்வியை நீக்குவதே நன்று. இனி, மனிதரா இயந்திரமா என்று சோதிக்கும் கேப்ட்சா என்னும் புதிர், அமெரிக்கக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 2000ஆம் ஆண்டளவில் உருவானது. போலிச் செய்திகளைத் தடுக்க அது உதவுகிறது. எனினும் பார்வை குன்றியோருக்கு ஒலி வடிவிலேனும் மாற்று வழி இருத்தல் வேண்டும்.

மூன்றாம் மடை: பதிவாகாமை

பொத்தானை அழுத்திய பின் வரும் எண்கள் பழுதின் இடத்தைச் சொல்லிவிடும். 404 என்பது அனுப்பிய முகவரியில் பெறுவோர் இல்லை என்பதாகும்; 403 என்பது சர்வர் மறுத்துவிட்டது என்பதாகும். 413 வந்தால் இணைப்பு மிகப் பெரிது என்றும், 500 வந்தால் சர்வரின் உள்ளேயே கோளாறு என்றும், 503 வந்தால் சர்வரால் இப்போதைக்கு வேலை செய்ய இயலவில்லை என்றும் பொருள். இவ்வெண்ணைக் குறித்துத் தளத்தைப் பராமரிப்பவரிடம் சொன்னால், 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் சொல்வதைவிட விரைவில் தீர்வு கிட்டும்.

தமிழில் எழுதிய செய்தி பதிவாகியும், வெறும் வினாக்குறிகளாகத் தெரிவது நமக்கேயுரிய ஒரு தொல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி எழுத்துருவைக் கொண்டு தமிழை எழுதிய காலத்தில் ஒருவர் எழுதியதை மற்றவர் கணிப்பொறியில் படிக்க இயலாதிருந்தது. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. எனினும், செய்தியைச் சேமிக்கும் தரவுத்தளம் ஒருங்குறிக்கு மாற்றப்படாதிருந்தால், சேமிக்கும் கணத்திலேயே தமிழெழுத்து அழிந்து வினாக்குறியாகிவிடும். பின்னர் மீட்க வழியில்லை. ஆகவே, புதிய படிவம் எதையும் சோதிக்கும்போது ஆங்கிலத்தில் 'டெஸ்ட்' என்று எழுதி முடித்துவிடாமல், தமிழில் நான்கு வரி எழுதிச் சோதிக்க வேண்டும்.

நான்காம் மடை: மின்னஞ்சல் சேராமை

படிவத்தின் செய்திகள் காணாமற்போகும் இடங்களுள் இது முக்கியமானது. அஞ்சல் செல்லும் முகவரி, மாறுதலாகிப் போன உத்தியோகஸ்தரின் சொந்த முகவரியாக இருக்கலாம், பெட்டி நிரம்பியிருக்கலாம், செய்தி ஸ்பாம் என்னும் குப்பைப் பெட்டியில் கிடக்கலாம்.

ஸ்பாமில் விழுவதற்குக் காரணம் ஒன்றை விளக்குவோம். சில படிவங்கள், நிரப்பியவரின் ஜிமெயில் முகவரியையே அனுப்புநர் முகவரியாக வைத்து அஞ்சலை அனுப்புகின்றன. உண்மையில் அதை அனுப்புவது நிறுவனத்தின் சர்வர். பிறர் பெயரில் கையெழுத்திட்ட கடிதம் போல இருப்பதால், பெறும் தபாலகம் அதை ஐயுறுகிறது. இன்ன சர்வரே எம் பெயரால் அனுப்பலாம் என்று அறிவிப்பது எஸ்.பி.எஃப், அஞ்சலின் மேல் இடும் முத்திரை டி.கே.ஐ.எம், இவை பொருந்தாவிடில் என்ன செய்வதென்று கூறுவது டிமார்க். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் இவ்விதிகளைக் கண்டிப்பாக்கின. தீர்வு எளிது: அனுப்புநர் இடத்தில் நிறுவனத்தின் சொந்த டொமைன் முகவரியையும், 'பதில் அனுப்ப' என்னும் இடத்தில் விண்ணப்பதாரரின் முகவரியையும் வைக்க வேண்டும்; மேற்சொன்ன மூன்றையும் டொமைனில் பதிவு செய்ய வேண்டும்.

மின்னஞ்சலை மட்டும் நம்பியிருத்தலும் தகாது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் கூனிமேட்டில் ஒரு பண்டகசாலை வைத்திருந்தனர். கடல் கடந்து செல்லும் கடிதங்களின் படிகளை வெவ்வேறு கப்பல்களில் அனுப்புவது அக்கம்பெனியின் வழக்கம். ஒரு கப்பல் மூழ்கினாலும் மற்றொன்று சேரும். படிவத்தின் செய்தியும் சர்வரில் ஒரு படியாகவும், அஞ்சலில் ஒரு படியாகவும் இருத்தல் வேண்டும்.

ஐந்தாம் மடை: படிப்பாரின்மை

மற்ற நான்கும் சீராக இருந்தும், 'இது யார் வேலை' என்று தெரியாமல் செய்திகள் திறவாமலே கிடப்பதுண்டு. இதற்கு இயந்திரத்தில் மருந்தில்லை. ஒருவரைப் பெயர் குறித்துப் பொறுப்பாக்கி, அவர் விடுப்பில் இருக்கும்போது பார்க்க மற்றொருவரையும் நியமிக்க வேண்டும். முகவரியும் ஆளுக்குரியதாக இல்லாமல், பதவிக்குரியதாக இருத்தல் நலம்.

சோதிக்கும் முறை

பழுது எங்கே என்று அறியாமல் எல்லாவற்றையும் ஒருசேர மாற்றுவது கூடாது. கீழ்க்கண்டவாறு சோதிக்கலாம்.

1. காரியாலயக் கணிப்பொறியில் அன்றி, கிராமத்தார் கையிலிருக்கும் சாதாரணக் கைப்பேசியில், சாதாரண இணைய இணைப்பில் படிவத்தைத் திறக்க வேண்டும்.

2. அன்றைய தேதி, மணி, நிமிடம் ஆகியவற்றைச் செய்தியிலேயே எழுதி அனுப்ப வேண்டும். பின்னர்த் தேடுவதற்கு அது அடையாளமாகும்.

3. முதலில் சர்வரிலுள்ள பதிவைப் பார்க்க வேண்டும். இதுவே நடுமடை. அங்கே செய்தி இருந்தால் பழுது அதற்குப் பின்னே. இல்லாவிடில் அதற்கு முன்னே. ஒரே பார்வையில் பாதி வேலை குறைகிறது.

4. பதிவு இருந்து அஞ்சல் வரவில்லையெனில் ஸ்பாம் பெட்டி, பெறுநர் முகவரி, அனுப்புநர் முகவரி என்னும் வரிசையில் பார்க்க வேண்டும்.

5. பதிவே இல்லையெனில் படிவத்தைத் தனியே திறந்தும், உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் திறந்தும், வேறு கைப்பேசியில் திறந்தும் பார்க்க வேண்டும். கணிப்பொறியாயின் எஃப் 12 விசையை அழுத்தினால், தடுக்கப்பட்ட செயல் சிவப்பு எழுத்தில் தோன்றும்.

6. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மீண்டும் அனுப்பிப் பார்த்து, மாற்றியதை ஏட்டில் குறிக்க வேண்டும்.

கூட்டம் பெருகும் நாள்

ஒருவர் அனுப்பும்போது நன்கு நடக்கும் படிவம், இலட்சம் பேர் வரும்போது நின்றுவிடலாம். கொரோனா ஊரடங்கின்போது 2021இல் பயணத்துக்குரிய இ-பதிவு முறையைத் தமிழக அரசு நடத்திற்று. அவ்வாண்டு ஜூன் 7ஆம் நாள் தளர்வுகள் தொடங்கியபோது, ஒரே சமயத்தில் பல இலட்சம் பேர் முயன்றதால் அத்தளம் முடங்கியது. வளம் மிக்க நாடுகளும் இதற்கு விலக்கல்ல. அமெரிக்காவில் மருத்துவக் காப்பீட்டுக்கான இணையதளம் 2013 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டபோது, முதல் நாளில் ஆறே பேர் பதிவை முடித்தனர் என்று பின்னர் வெளியான குறிப்புகள் காட்டின. தொடக்கம் முதல் முடிவு வரை முழுமையாகச் சோதியாமல் திறந்ததே அங்குக் கூறப்பட்ட பெருங்குறை.

புயல் நாளில் இணையத் தொடர்பே அறுந்துவிடவும் கூடும். ஆதலால் படிவத்தின் பக்கத்திலேயே தொலைபேசி எண்ணும், நேரில் வர வேண்டிய இடமும் பெரிய எழுத்தில் இருத்தல் அவசியம். பயிர்க் காப்பீட்டுக்கு 14447 என்னும் தொலைபேசி எண் இருப்பதையும் விவசாயிகள் குறித்துக்கொள்ளலாம்.

பஞ்சாயத்தும் மக்களும் செய்ய வேண்டுவன

படிவம் வைத்திருக்கும் நிறுவனத்திடம், ஒவ்வொரு செய்திக்கும் பதிவு எண் தர வேண்டுமென்று பஞ்சாயத்து வலியுறுத்தலாம். செய்தி சர்வரில் பதிவான பின்னரே அவ்வெண் தோன்ற வேண்டும். குறுஞ்செய்தியாகவும் வந்தால் மிக நன்று. தபால் முத்திரையின் இடத்தை அதுவே நிரப்பும். தேவையற்ற கேள்விகளையும் தவிர்க்கச் சொல்ல வேண்டும். தெருவிளக்கு எரியவில்லை என்று தெரிவிப்பவரிடம் ஆதார் எண் கேட்பானேன்? மக்களின் சொந்த விவரங்களைக் காக்கும் கடமையை 2023ஆம் ஆண்டின் எண்ம சொந்தத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்கள்மேல் சுமத்தியுள்ளது. அரசு இணையதளங்கள் எவ்வாறு அமைய வேண்டுமென்று 2009இல் வகுத்த நெறிமுறைகளின் மூன்றாம் பதிப்பு 2023இல் வெளிவந்துள்ளது. அதை மேற்கோள் காட்டியும் எழுதலாம்.

விண்ணப்பிப்போர், அனுப்பிய செய்தியின் திரைப்படத்தையும், தேதியையும், பதிவு எண்ணையும் பாதுகாத்தல் வேண்டும். எண் வராவிடில் அனுப்பவில்லை என்றே கொண்டு, அன்றே தொலைபேசியிலோ நேரிலோ தெரிவித்துவிட வேண்டும். மத்திய அரசுத் துறைகளைப் பற்றிய குறைகளை அதற்குரிய பொதுக் குறைதீர் தளத்தில் பதிவு செய்யலாம். தீர்வு காணும் கெடு 2024இல் 21 நாட்களாகக் குறைக்கப்பட்டது. பொது அதிகார அமைப்பு ஒன்றுக்கு அனுப்பிய விண்ணப்பம் என்னவாயிற்று என்று தகவல் உரிமைச் சட்டம் 2005இன்படி கேட்டால் 30 நாட்களுக்குள் பதில் தரல் வேண்டும்.

தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூட ஏற்பாடாயிற்று. அக்கூட்டங்களில் வரவு செலவைப் படிப்பது போலவே, படிவம் வழியாக வந்த விண்ணப்பங்கள் எத்தனை, பதில் தந்தவை எத்தனை, படிவம் கடைசியாகச் சோதிக்கப்பட்ட தேதி எது என்னும் மூன்று விவரங்களையும் படிக்கலாம். இரண்டு மாதமாக ஒரு விண்ணப்பமும் வரவில்லை என்று ஏடு காட்டினால், ஊரில் குறையே இல்லை என்று மகிழாமல், அன்று மாலையே ஒரு கைப்பேசியை எடுத்து முதல் மடையிலிருந்து சோதிக்கத் தொடங்க வேண்டும்.